செவலை மேல் இந்த வருஷம் யார் ஏறுவது?

கடிதத்தின் சாரம்

காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் மகளுக்கென்று ஒரு பெண் மட்டக்குதிரை வாங்கினார். செவலை நிறம், பெயரும் செவலைதான். உயரம் 132 செ.மீ. ‘அஞ்சு வயசு ஆச்சு, சுழி சுத்தம், பச்சக் குழந்தைகூட ஏறலாம்’ என்றாராம் தரகர். மகள் இப்போது பிளஸ் டூ முடித்து வெளியூர் விடுதிக்குப் போய்விட்டாள். ‘விக்க வேணாம்ப்பா, யாராவது ஏறிப் பழக்கிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்’ என்பது அவள் பிடிவாதம். தீவனம், பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலி, குளம்பு வெட்டுவது எல்லாம் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் ஆகிறது.

மூன்று பேர் கேட்டு வந்திருக்கிறார்கள். முதலாவது, வேலூரில் ஒரு டாக்டரின் மகன். 11 வயது, 36 கிலோ, ஆறு மாதம் சவாரி வகுப்புக்குப் போயிருக்கிறான். அப்பா செலவில் சரிபாதி, அதாவது மாதம் 9,000 தரத் தயார். இரண்டாவது, வேலூரில் கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பெண். 44 கிலோ, சென்னையில் ஆறு வருஷம் முறையாகச் சவாரி கற்றவர், ஜம்பிங் போட்டிகளில் இறங்கியவர். வாரம் நாலு நாள் வர முடியும், ஆனால் மாதம் 2,000க்கு மேல் கொடுக்க முடியாது. மூன்றாவது, எருது விடும் விழாக்களுக்குக் காளை பழக்குவதிலும் குதிரை வண்டிப் பந்தயத்திலும் அந்தப் பக்கம் பேர் வாங்கியவர், 64 கிலோ. ‘ரெண்டு மாசம் என்கிட்ட விடுங்க, பறக்க வெச்சுத் தரேன், பரிசுல பாதி’ என்கிறார்.

வாசகரின் மனம் டாக்டர் மகன் பக்கம் சாய்ந்திருக்கிறது. ‘பையனும் குதிரையும் சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே கத்துக்கட்டுமே’ என்கிறார். கூடவே சில விவரங்கள்: கடிவாளம் போட்டால் செவலை தலையை உதறுகிறாள்; வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறாள்; முன்பற்களில் மேலே நாலு, கீழே நாலு பெரியதாகவும் ஓரப் பற்கள் மட்டும் சின்னதாக வெள்ளையாகவும் இருக்கின்றன. யாரைத் தேர்ந்தெடுப்பது, செலவையும் பரிசையும் எப்படிப் பிரிப்பது, யாராவது விழுந்தால் பொறுப்பு யாருடையது, டிசம்பரில் சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்பலாமா என்பவை அவர் கேள்விகள்.

கால்நடை மருத்துவரின் பதில்

அன்புள்ள ஐயா,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பல் விஷயத்தில்தான் பாதி பதில் இருக்கிறது. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர், பார்த்தது நல்லதுதான்.

குதிரைக்கு ஒவ்வொரு தாடையிலும் ஆறு முன்பற்கள். நடு ஜோடிப் பாற்பல் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் வரும். அதற்கடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். செவலைக்கு நடுவில் நாலும் மாறிவிட்டன, ஓரம் மாறவில்லை. ஆக அவள் வயது மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையே எங்கோ நிற்கிறது. தரகர் ‘அஞ்சு’ என்று சொன்ன போன ஆடியில் அவளுக்கு மூன்று மூன்றரைதான் இருந்திருக்கும். சுழி சுத்தம் என்பது சந்தையில் விலை பேச உதவும், எலும்பு முற்றியதா என்று சொல்லாது.

இந்த ஒன்றரை வருஷ வித்தியாசம் பெரிது. குதிரையின் கால் எலும்புகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் முதலில் கெட்டிப்படும், முதுகெலும்பில் இருப்பவை கடைசியில். அது ஐந்து வயதைத் தாண்டியும் இழுக்கும். நாம் உட்காருவதோ முதுகில். நாலு வயதில் சவாரி கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு எடை, எத்தனை நிமிடம், எப்படிப்பட்ட ஆள் என்ற மூன்றும் ஐந்து வயதுக் குதிரைக்கு இருப்பதுபோல் இருக்க முடியாது.

தலை உதறுவது திமிர் இல்லை

ஓரப் பல் மாறும் இதே பருவத்தில் உள்ளே கடைவாய்ப் பற்களும் மாறிக்கொண்டிருக்கும். பழைய பாற்பல் புதுப்பல்லின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டு ஈறைக் குத்தும். இன்னொன்று, முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு ஓநாய்ப் பல் என்று ஒரு குட்டிப் பல் இருக்கும். கடிவாளத்தின் இரும்பு வந்து உரசுவது சரியாக அங்கேதான். தலையை உதறும் இளம் குதிரையை அடக்கக் கடுமையான கடிவாளம் மாட்டுவது பல்வலிக்காரரைக் கன்னத்தில் அறைவது போல.

வாயைத் திறந்து நிறுத்தும் கருவி வைத்து, விளக்கடித்து, கையை உள்ளே விட்டுப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதுவரை இரும்பே வேண்டாம், தலைக்கயிற்றில் நடத்துங்கள்.

வார் இறுக்கும்போது கடிக்க வருவதற்கு முதல் சந்தேகம் சேணத்தின் மேல். யாரோ வைத்திருந்த பழைய சேணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மெத்தைத் துணி இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். பிடரி முடியும் இடத்து மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முன்பகுதி தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அமர வேண்டும், பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. மட்டக்குதிரைகளின் முதுகு குட்டை என்பதால் பெரியவர்களுக்கான சேணம் பெரும்பாலும் தாண்டிவிடும். வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம். சேணம் சரியாக இருந்தும் கடித்தால் இரைப்பைப் புண்ணைச் சந்தேகிக்க வேண்டும். நாள் முழுக்கப் பச்சையோ வைக்கோலோ மெல்லாமல், இரண்டு வேளை கொள்ளு மட்டும் தின்று நிற்கும் குதிரைகளுக்கு அது சகஜம்.

இந்த இரண்டையும் சரிசெய்யாமல் அந்த மூவரில் யாரையும் ஏற்றிப் பார்க்காதீர்கள். வலிக்கிற குதிரை மேல் வைக்கும் பரீட்சையில் நல்ல ரைடரும் தோற்பார்.

எடைக் கணக்கு

ஒரு டேப் எடுங்கள். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி, அவள் மூச்சை விட்டதும் அளவெடுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். செவலை உயரத்தில் இருக்கும் ஒரு குதிரைக்குச் சுற்றளவு 152 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்று வைத்தால் 272 கிலோ.

வளர்ந்து முற்றிய குதிரைக்கு ஆள், சேணம், எல்லாம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட உச்சவரம்பு. 25 சதவீதத்தைத் தொட்டால் இதயத் துடிப்பும் தசை வலியும் ஏறுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இளம் குதிரைக்கு 15ஐ ஒட்டி இருப்பது நல்லது. சேணம், மெத்தை, கால் வைக்கும் அங்கவடி சேர்த்து 7 கிலோ என்று போட்டால் பையன் 43 கிலோ, அதாவது 16 சதவீதம். கல்லூரிப் பெண் 51 கிலோ, 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. காளை பழக்குபவர் 71 கிலோ, 26 சதவீதம்.

எடையில் பையன்தான் ஜெயிக்கிறான். அதனால்தான் உங்கள் கணக்கும் அவன் பக்கம் போயிருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கற்ற குழந்தை ட்ராட் எனப்படும் துள்ளோட்ட வேகத்தில் தாளம் தப்பித் தொப்பென்று உட்காருவான். விழாமல் இருக்க லகானைப் பிடித்துத் தொங்குவான். அவன் மேல் குற்றமில்லை, அந்தக் கட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். பத்து வயது தாண்டிய பழைய பள்ளிக் குதிரை அதைப் பொறுத்துக்கொண்டு நடக்கும். நாலு வயதுக் குதிரையோ ‘வாயில் இழுபட்டால் ஓட வேண்டும், முதுகில் குத்தினால் குதிக்க வேண்டும்’ என்று கற்றுக்கொள்ளும். நீச்சல் தெரியாத இரண்டு பேரைச் சேர்ந்தே கற்கட்டும் என்று ஒரே கிணற்றில் இறக்குவோமா? ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குதிரைக்குத் தெரியாதபோது அந்த ஒருவர் மேலே இருப்பவர்தான்.

மூன்று பேரையும் வைத்துக்கொள்ளுங்கள், வேலை வேறு வேறு

உங்கள் கடிதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பழக்குபவரும் போட்டியில் ஏறுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சர்வதேச விதிகளில் லாடம் இல்லாமல் 148 செ.மீ. வரை உள்ளவை போனி, அதாவது மட்டக்குதிரை. அந்தப் போனிப் பிரிவுகளில் ஏற 12 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இடம். உள்ளூர்ப் போட்டிகளில் வயதுப் பிரிவு நடத்துபவர்களைப் பொறுத்து மாறும், அறிவிப்பை வாங்கிப் படிக்க வேண்டும். பழக்கத் தெரிந்த பெண் பல பிரிவுகளில் வயதைத் தாண்டிவிட்டார். பிரிவுக்குப் பொருந்தப்போகிற பையனுக்குப் பழக்கத் தெரியாது. இந்த வருஷம் அந்தப் பெண், அவர் கையில் செவலை பதப்பட்ட பிறகு பையன். இப்படி வரிசைப்படுத்தினால் இரண்டு பேரும் பொருத்தமான ஆள்தான்.

அந்தப் பெண்ணின் எடை 15 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் நிமிடங்களைக் குறையுங்கள். வாரம் நாலு நாளில் மூன்று நாள்தான் சவாரி, ஒவ்வொன்றும் 20, 25 நிமிடம், அதில் முதல் பத்து நிமிடம் வெறும் நடை. நாலாவது நாள் ஆள் ஏறாமல் லஞ்சிங், அதாவது நீளக் கயிற்றில் பிடித்துச் சுற்ற விடுவது, விட்டம் 18, 20 மீட்டருக்குக் குறையாத வட்டத்தில், இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் மணி நேரம். சின்ன வட்டத்தில் அதிக நேரம் சுற்றினால் மூட்டுகள்தான் தேயும். மற்ற நாட்களில் தோப்புக்குள் கயிற்றில் நடையும் ஓய்வும். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை: காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாமவரிடம் இரண்டு மாதம் விடுவது மட்டும் வேண்டாம். 26 சதவீதம் என்பது ஒரு காரணம், வண்டிப் பந்தயக்காரர்களின் தார்ச்சாலை ஓட்டம் இன்னொன்று. இளம் குதிரையைக் கெட்டித் தரையில் வேகமாக ஓட்டினால் முன்னங்கால் முட்டிக்குக் கீழே, உள்பக்கமாக, பட்டாணி போல எலும்பு வீங்கும். சில வாரம் நொண்டும், சில நேரம் அந்தப் புடைப்பு நிரந்தரம். பந்தயக்காரர்கள் சிலர் மாட்டும் முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டின் சுமை, இழுவை விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு விதிகளின்படி குற்றம். அவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் அவரிடம் ஒரு சரக்கு இருக்கிறது, அதைச் சவாரிப் பள்ளி மாணவி தர முடியாது. மேளம், பட்டாசு, மைக், ஆயிரம் பேர் கூச்சல் நடுவே ஒரு மிருகத்தை நிதானமாக நிறுத்தும் வித்தை. போட்டி மைதானத்தில் இளம் குதிரைகள் கெடுவது பெரும்பாலும் தடையைத் தாண்டும்போதல்ல, ஒலிபெருக்கி கரகரத்ததும். நாள் கூலி பேசி அவரை வரச் சொல்லுங்கள். செவலை தீவனம் தின்னும் நேரத்தில் ஐம்பது மீட்டர் தள்ளி மெல்ல மேளம். அவள் தலை நிமிர்ந்தால் அதே தூரத்தில் நில்லுங்கள். மறுபடி குனிந்து தின்னத் தொடங்கினால் பத்து அடி நெருங்கலாம். வண்டியில் ஏற்றி இறக்கிப் பழக்குவதற்கும் அவர்தான் சரியான ஆள்.

ஏற்றிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது

அந்தப் பெண்ணைச் சான்றிதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில், ‘கடைசியாக எப்போது விழுந்தீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். விழுந்ததே இல்லை என்பவரும், எல்லாம் குதிரையின் தப்பு என்பவரும் இந்த வேலைக்கு வேண்டாம். ‘நான் அவசரப்பட்டேன்’ என்ற பதில் வந்தால் மேலே பேசலாம்.

முதல் நாள் ஏற விடாதீர்கள். பிடித்துவரட்டும், தேய்த்துவிடட்டும், நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்கட்டும். வாரை எப்படி இறுக்குகிறார் என்று பாருங்கள்: ஒரே மூச்சில் இறுக்கினால் செவலைக்கு அவர் ஆகாது. சேணம் வைத்ததும் தொளதொளவென்று ஒரு துளை, பத்து அடி நடத்திவிட்டு இன்னொன்று, ஏறும் முன் மூன்றாவது. ஏறுவது அரை மீட்டர் உயரக் கல் மேலிருந்து. தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் முறுக்கிக்கொண்டு ஒரு பக்க முதுகை இழுக்கும்.

மேலே போனபின் கையைத்தான் பார்க்க வேண்டும். செவலை தலையை உதறும்போது கை கூடவே போய் இளகுகிறதா, எதிர்த்து இழுக்கிறதா? சொன்னதை அவள் ஒருமுறை சரியாகச் செய்ததும் அங்கேயே நிறுத்திக் கழுத்தைத் தட்டுகிறாரா, அல்லது நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதற்காக இன்னும் நாலு முறை செய்ய வைக்கிறாரா? என் கணிப்பில் இந்தக் கடைசி ஒன்று மட்டுமே பாதி மதிப்பெண். ஏனென்றால் நீங்கள் தேடுவது இன்னும் ஒரு வருஷத்துக்கு எதையும் ஜெயிக்காமல் இருப்பதில் வருத்தப்படாத ஒருவரை.

இறங்கியதும் வாரைத் தளர்த்தி மூச்சு அடங்கும்வரை நடத்த வேண்டும். தாடை எலும்பின் உள்விளிம்பில் நாடி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் 60க்குக் கீழே வரவில்லையென்றால் அன்றைய வேலை அதிகம், அல்லது வெயில் அதிகம், அல்லது உடம்புக்கு ஏதோ ஆகிறது.

ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, காளைக்காரர் உட்பட. பைக் ஹெல்மெட் உதவாது, குதிரையேற்றத்துக்கென்று செய்தது வேண்டும். ஒருமுறை அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும். குதிகால் உயர்ந்த ஷூ வேண்டும். செருப்பும் தட்டையான ஷூவும் அங்கவடிக்குள் நழுவி, விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும்.

இப்படி ஆறு வாரம் பாருங்கள். இந்தப் பெண் சரிவரவில்லையென்றால் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் பயிற்சி பெற்ற கல்லூரி மாணவர்களை விசாரிக்கலாம். அளவுகோல் இதேதான்.

காசும் காகிதமும்

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். ஒருவர் குதிரையில் இன்னொருவர் பங்கு போட்டு ஏறும் பங்குச் சவாரியில் மனிதர்களும் அப்படித்தான், பரிசு என்றால் பாதி, வயிற்று வலிக்கு ராத்திரி மருத்துவர் வந்தால் ‘உங்கள் குதிரைதானே’. அதனால் செலவை மூன்று கூடையாகப் பிரியுங்கள். தீவனம், கூலி, குளம்பு, தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவை குதிரை சும்மா நின்றாலும் ஆகும் செலவு, அது உங்களுடையது. பயிற்சியாளர், போட்டி நுழைவுக் கட்டணம், போட்டிக்கான வண்டி வாடகை ஏறுபவருடையது. நோய், காயம் முதலில் உங்களுடையது. ஏறுபவரின் கவனக்குறைவால் என்று தெளிவாகத் தெரிந்தால் இத்தனை ரூபாய் வரை அவர் பங்கு என்று ஒரு வரம்பை முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஆரம்பநிலைப் போட்டிகளின் பரிசைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது. கோப்பை ஏறியவருக்கு என்று விட்டுவிடுங்கள்.

இங்கே உங்களுக்குக் கசக்கும் ஒரு விஷயம். இளம் குதிரையைப் பழக்குவது கூலி வாங்கிச் செய்யும் வேலை. அந்தப் பெண் கொடுப்பதாகச் சொல்லும் 2,000 ரூபாயைக்கூட வாங்காமல் இருப்பது நியாயம். பஸ் செலவைக் கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் சவாரி செய்வதை இரண்டு பக்கமிருந்தும் வீடியோ எடுத்து, அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் கட்டணத்தையும் நீங்களே ஏற்றால் ஏமாற மாட்டீர்கள்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. அதன் 150ஆம் பிரிவில் உள்ள உதாரணமே குதிரைதான்: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் இரவல் கொடுக்கிறார், அது ஓடி, ஏறியவரைத் தள்ளிவிடுகிறது, கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை உங்களுக்கு வேண்டாம். கடிக்க வருவது, தலை உதறுவது, பருவத்துக்கு வரும் சில நாட்களில் எரிச்சலாக இருப்பது எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

154ஆம் பிரிவிலும் குதிரைதான். தான் ஏறுவதற்கு மட்டும் என்று இரவல் வாங்கியவர் தன் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், இருந்தும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. இரவல் வாங்கியவர் பொறுப்பு. ஆகவே யார் ஏறலாம், எங்கே ஏறலாம் என்று பெயரையும் இடத்தையும் எழுதுங்கள். தோழிகள் வந்து ரீல்ஸ் எடுக்கும் காலம் இது. 170ஆம் பிரிவையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மறுத்து எழுதாவிட்டால், உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். செவலையை யாராவது தம் இடத்துக்கு ஓட்டிப்போய்ப் பழக்குவதாக இருந்தால் இந்த வரி அவசியம்.

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்தே அது நிலைத்த சட்டம். பையன் விஷயத்தில் பெற்றோரோடுதான் எழுத வேண்டும். ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறோம்’ என்று எழுதி வாங்கினாலும், அறுந்துபோகும் நிலையில் இருந்த வாரை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் அந்தத் தாள் காப்பாற்றாது. ஏறுபவருக்கு விபத்துக் காப்பீடு எடுக்கும்போது குதிரையேற்றம், போட்டி இரண்டும் விலக்கப்பட்டவையா என்று பாலிசியில் தேடுங்கள். கடைசி வடிவத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் பணம் ஒரு மூட்டைக் கொள்ளு விலைக்கு மேல் போகாது.

டிசம்பர்

வேண்டாம். அவளுக்கு ஓரப் பல்லே அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கும்.

அதற்குள் செய்ய வேறு வேலை இருக்கிறது. ரண ஜன்னித் தடுப்பூசி போட்டதாகத் தரகர் சொன்னதை நம்பாதீர்கள், ஏட்டில் இல்லாத ஊசி போடாத ஊசி. ஒரு மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. குதிரைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் அதேபோல் தனி அட்டவணை உண்டு. பல ஊர்க் குதிரைகள் கலக்கும் சந்தையில் வாங்கியதால் கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான தலைமை ஆய்வகம், மாதிரியைக் கால்நடைத் துறை வழியாக அனுப்பலாம். அது மனிதருக்கும் தொற்றும் நோய், போட்டி நடத்துபவர்களும் அந்தச் சான்றைக் கேட்பார்கள். இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகள் என்றால் குதிரைக்கும் ஏறுபவருக்கும் பதிவு வேண்டும். வண்டியில் ஏற்றப் பயணத் தகுதிச் சான்றும் வேண்டும்.

குளம்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரை விட்டுவிடாதீர்கள். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, லாடமும் இரண்டு துண்டு. குதிரைக்கு ஒரே வளையம், ஆணி போகும் கோணம் வேறு, அரை விரல் உள்ளே போனால் சீழ் கட்டும். ஆற்காட்டுச் சீமையில் குதிரைப்படையும், பிறகு ஜட்காவும் ஓடிய காலத்தில் தெருவுக்கு ஒரு லாடக்காரர் இருந்திருப்பார். இப்போது வெளியூரிலிருந்து வரவழைக்கத்தான் வேண்டும். தோப்பு மண்ணில் மட்டும் நடப்பதென்றால் இந்த வருஷம் லாடமே தேவையில்லை, சீவி விட்டால் போதும்.

நடை, ட்ராட், கேண்டர் எனப்படும் மெதுவான பாய்ச்சல் மூன்றிலும் அவள் நேராகப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகு தரையில் கிடக்கும் கம்புகள், ட்ராட்டில் தாண்ட ஒவ்வொன்றுக்கும் 1.1 மீட்டர் இடைவெளி. கால் தட்டினால் பத்து செ.மீ. கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஓரப் பல் முழுக்க வந்து, ஐந்து வயதும் ஆன பிறகு 40 செ.மீ. தடை. 60ஐ நிதானமாகத் தாண்டும் நாளில் முதல் போட்டியைப் பற்றி யோசிக்கலாம். டிசம்பர்ப் போட்டிக்குச் செவலை இல்லாமல் நீங்களும் அந்தப் பெண்ணும் பையனும் மட்டும் போய்வாருங்கள். வயதுப் பிரிவு, பதிவு, குதிரைகள் தங்கும் இடம், இறக்கும் இடத்துச் சத்தம் எல்லாம் நேரில் தெரியும்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். பையனை மறுக்கவில்லை என்று சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் வந்து தேய்க்கட்டும், குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டட்டும், கயிற்றில் நடத்தட்டும். பல்லும் சேணமும் சரியான பிறகு, அந்தப் பெண் ஏறாத அந்த நாளில் அவர் கயிறு பிடிக்க, பத்து நிமிடம் நடையில் மட்டும் உட்காரட்டும். டாக்டர் தருவதாகச் சொன்ன 9,000 ரூபாயை இந்த வருஷம் நீங்கள் வாங்கிவிட்டால் பாதிச் செலவுக்குப் பாதி உரிமை, பாதி உரிமைக்கு ஒரு டிசம்பர்ப் போட்டி என்று பேச்சு தானாக வளரும். அந்தப் பணத்தைப் பையனின் பயிற்சிக்கே செலவிடச் சொல்லுங்கள்: வாரம் இரண்டு வகுப்பு, பத்து வயது தாண்டிய பழகிய பள்ளிக் குதிரை மேல், லகானைப் பிடிக்காமல் ட்ராட்டில் உட்காரத் தெரியும் வரை.